நாற்பத்து மூன்றுக்குப் பிறகு

நூரியா டீச்சர் ஏழு நல்ல நினைவுகள் கேட்டார். கிருஷாந்த் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தேறவில்லை.

மகள் டிலக்சிக்கு ஏழு வயது. ஓட்டிசம் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. செவ்வாயும் வியாழனும் நிவித்திகலையில் நூரியா டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் பஸ்ஸில் கூட்டிப் போவான். மற்ற நாட்களில் அவள் அவனோடு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருப்பாள். கோப்பு அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ரப்பர் முத்திரைகளை வரிசையாக அடுக்குவாள். மானேஜர் தொரை கண்டும் காணாத மாதிரிப் போவார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த கிளாக்கர் என்பதால் கிடைத்த சலுகை அது. கோகிலா கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்து எட்டு மாதம்.

இரத்தினபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு முழுநேர வகுப்பு இருந்தது. ஜூலை மாதம் நேர்முகத்துக்குக் கூட்டிப் போனான். டிலக்சி கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்தினாள். உள்ளே கால் வைக்கவில்லை. இன்னொரு தடவை கூட்டி வாருங்கள், மூன்றாம் தடவை கிடையாது என்றார்கள். அந்த இன்னொரு தடவை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

"அவளுக்கு ஏலாது, ஏலாதுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி அவ காது நெறஞ்சி போயிருக்கு" என்றார் நூரியா டீச்சர். "ஏலும்ங்கறத அவளே கேக்கணும். அவ நல்லா செஞ்ச விசயம் ஒன்னொன்னா போன்ல பேசி ரெக்கோட் பண்ணுங்க. ஒரு நிமிசம் போதும். பஸ்ல ஏற முந்தி, புது இடத்துக்குள்ள போக முந்தி போட்டுக் காட்டுங்க. கூடாது, செய்யாத, ஆனா, இந்த மூணு சொல்லும் அதுல வரக் கூடாது. ஹரியா?"

"ஹரி டீச்சர்" என்றான்.

தொழிலாளர் லயத்தில் பிறந்து பட்டம் வாங்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து பழக்கம். போனை முன்னால் வைத்துக்கொண்டு முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். மகள் கத்தியது ஞாபகம் வந்தது. மண்டையைச் சுவரில் மோதியது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் வெறும் வெள்ளையாக இருந்தது. கோகிலாவிடம் கேட்டிருந்தால் எழுபது சொல்லியிருப்பாள்.

சரி, அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்று லயத்தின் அடுத்த காம்பரா வீட்டுக்குப் போனான். அங்கே இருப்பவள் நிரோஷா. கோகிலாவுக்குப் பக்கத்து நிரையில் பதினோரு வருடம் கொழுந்து எடுத்தவள்.

"நல்லதா? இந்தச் சனியனப் பத்தியா?" என்று சிரித்தாள். போனை வாய்ப்பக்கம் நீட்டியதும் அதைப் பார்த்து முறைத்தாள். "கருவாச்சி. கழுத. மூஞ்சியும் மொகரையும். போன கெழம எங்கோழி பதினொன்னையும் இவதான் கூட்டுல அடச்சா. ஒன்னத் தப்ப விடல, எரும. தூ! தூ!"

"என்னக்கா இது? ஏச்சு இல்லாமச் சொல்லுங்க."

"ஏசாமச் சொன்னா கண்ணூறு பட்டுப் போகுமே தம்பி. வாயால சொன்னாலே ஒரு நாளு படும். நீங்க அதுக்குள்ள புடிச்சி வச்சா அது தெனம் பேசும். தெனம் பட்டா பிள்ள என்னாத்துக்கு ஆகும்?"

வழியில் போன ராமச்சந்திரன் கங்காணியும் நின்றார். கோகிலாவின் கூட்டத்துக்குக் கங்காணி அவர்தான். "நம்மளும் ஒன்னு சொல்றோம், புடிச்சிக்க. ஊமக்கோட்டான். மூதேவி. மலையில எத்தன ஆளு நிக்குதுன்னு நம்மள விடச் சரியா எண்ணுவா."

"மலையிலயா?" என்றான் கிருஷாந்த்.

கங்காணிக்கு இருமல் வந்தது. "லயத்துலன்னு சொல்ல வந்தேன். வயசாகுதில்ல." நடையை எட்டிப் போட்டார். நிரோஷா திடீரென்று கோழிகளை விரட்டப் போய்விட்டாள்.

கிருஷாந்த் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த எட்டு மாதத்தில் அவன் எதையுமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. யார் என்ன சொன்னாலும் பஞ்சு வைத்த காது போல.

வீட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். டிலக்சி கடைசி வரை கேட்டாள். "கழுத இல்ல. எரும இல்ல. டிலக்சி" என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

வியாழக்கிழமை நூரியா டீச்சர் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "அனே! நல்லது கேட்டா ஏச்சு ரெக்கோட் பண்ணிக்கிட்டு வந்திருக்கீங்களே." பிறகு சொன்னார்: "பெரியாக்கள விடுங்க. அவகிட்டயே கேளுங்க. நீ நல்லா செஞ்சது என்னான்னு. அவ சொல்றதே போதும்."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்து மகளை உட்கார வைத்தான். போனை நடுவில் வைத்தான்.

"டிலக்சி நல்லா செஞ்சது என்னா?"

அவள் கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு ஒன்றொன்றாக வந்தது. கோழி அடைத்தது. பஸ்ஸில் மணி அடித்தது. முத்திரை அடுக்கியது. பருப்புத் தட்டைத் தானே கழுவியது. நான்கு பதிவு. எல்லாம் பத்து, பதினைந்து செக்கன். நான்கிலும் சிரிப்பு இல்லை, பெருமையும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னொன்னு?"

"குளவி வந்துச்சு. நான் அசையல."

கிருஷாந்துக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்குள் எப்போதாவது குளவி வந்திருக்கும் என்று நினைத்தான். "எப்ப வந்துச்சு?" என்றான்.

டிலக்சி பாயில் குப்புறப் படுத்தாள். முகத்தைக் கைகளுக்குள் வைத்தாள். பிறகு பேசினாள்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளை அவள். சொல்லை மட்டுமல்ல, குரலையும் திருப்பித் தருவாள். தொரையின் செருமலை அவள் செருமினால் ஆபீஸ் பியோன் எழுந்து நிற்பான். ரேடியோ விளம்பரத்தை இசையோடு சொல்வாள்.

"படு. படு தங்கம். குப்புறப் படு. அம்மா மேல இருக்கேன். கண்ண மூடிக்க. எண்ணு பாப்போம், அம்மாவும் எண்றேன். ஒன்னு. ரெண்டு. மூணு."

கோகிலாவின் குரல். அவளுடைய மூச்சு வாங்கல். 'பாப்போம்' என்பதில் அவள் எப்போதும் இழுக்கிற அந்த இழுவை.

கிருஷாந்த் எழுந்து நிற்க நினைத்தான். எழாமல் அவள் பக்கத்திலேயே குனிந்தான்.

"பத்தொம்போது. இருவது. அப்பிடித்தான். அசையாம எவ்வளவு நல்லா இருக்க, எந்தங்கம். இப்பிடி யாருக்கு ஏலும்? யாருக்கும் ஏலாது. இருவத்தொன்னு. இருவத்திரெண்டு."

ஏச்சு இல்லை. தூ இல்லை. கண்ணூறு பற்றிய பயமே இல்லாமல் வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள்.

முப்பதுக்கு மேல் எண்கள் விட்டு விட்டு வந்தன. நாற்பதுக்கு மேல் பாதி மூச்சுத்தான். நாற்பத்து மூன்று. அத்தோடு அந்தக் குரல் நின்றது. நாற்பத்து நான்கு டிலக்சியின் சொந்தக் குரலில் வந்தது. தட்டையாக, தெளிவாக. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று நூறு வரை போனது. நூறு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா நாப்பத்தி மூணுல நிப்பாட்டுச்சு. நான் நிப்பாட்டல. ஒம்போது தடவ நூறு எண்ணுனேன். அசையல. கத்தல."

எப்படியோ கேட்டான். "அம்மா எங்க டிலக்சி?"

"செத்துப்போச்சு" என்றாள். முன்பு முத்திரை அடுக்கினதைச் சொன்ன அதே குரலில். "நான் நல்லா செஞ்சேன்."

போனில் செக்கன்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. நிறுத்தவேண்டும் என்பது அவனுக்குத் தோன்ற நாலு நிமிடம் ஆயிற்று.

அவனுக்குத் தெரிந்த கதை இதுவல்ல. அன்று டிலக்சி பிள்ளைமடுவத்தில் இருந்தாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் மெட்டில்டாவிடம் கோகிலா காலையில் மகளை விட்டுப் போனாள். பதினொரு மணிக்கு ஆபீசுக்குத் தகவல் வந்தது. அவன் லொறியில் ஏறி இரத்தினபுரிக்குப் போனான். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். சாயங்காலம் வந்தபோது மெட்டில்டா பிள்ளையைக் கையில் கொடுத்தாள். நல்லாத் தூங்குச்சு தம்பி என்றாள். அவன் நன்றி சொன்னான். நன்றி சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை நிரோஷா வாசலில் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். கிருஷாந்த் ஒன்றும் பேசாமல் போனை அவள் முன்னால் வைத்துப் போட்டான்.

ஒன்று, இரண்டு வருவதற்குள் அவள் கத்தி கீழே விழுந்தது.

"நிப்பாட்டுங்க தம்பி. ஐயோ, நிப்பாட்டுங்க. அவ கொரலு."

"பிள்ள மலையில இருந்தாளா?"

நிரோஷா விழுந்த கத்தியை எடுத்துத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து மெட்டில்டா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கேட்காமலே விளங்கிக்கொண்டாள்.

"என்னயக் கேளுங்க தம்பி. அவள ஏசாதீங்க. பிள்ளைமடுவத்துல அஞ்சு வயசு வரைக்குந்தான். ஒங்க மக ஆறு முடிஞ்சும் இருந்தா. அவ கத்துனா கைப்பிள்ளைக எல்லாம் அலறுது. நான் ஒத்த ஆளு. இனி ஏலாதுன்னு கோகிலாகிட்டச் சொல்லிட்டேன். அவ செத்ததுக்கு மூணு மாசம் முந்தி."

"மூணு மாசமா?"

"மூணு மாசமும் மலைக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போனா" என்றாள் நிரோஷா. "நிரை முடிவுல சாக்கப் போட்டு ஒக்கார வப்பா. கங்காணி பாத்தும் பாக்காத மாதிரி. நாங்க பதினாலு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்குவோம். அவ எங்கள எண்ணிக்கிட்டே இருப்பா, ஒரு தொந்தரவு இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நோட்டீஸ் ஒட்டுனது யாரு தம்பி?" என்றாள் நிரோஷா மெதுவாக.

அவன்தான். பெரட்டுக்களத்துச் சுவரில் போன வருடம் டிசம்பரில் ஒட்டினான். 'வேலைத்தலங்களுக்குப் பிள்ளைகளை அழைத்து வருதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோருக்கு அன்றைய பேர் வழங்கப்படமாட்டாது.' பேர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. தொரை இங்கிலீசில் சொன்னார். அவன் தமிழில் அடித்தான். ஒரு பிழை இல்லாமல் வந்திருக்கிறது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டான். கோகிலாவிடமும் காட்டினான். நல்லா இருக்கு என்றாள்.

"நீங்க ஆபீஸ் ஆளு" என்றாள் மெட்டில்டா. "தெரிஞ்சா ஒங்களுக்கும் சங்கடம், கங்காணிக்கும் வேல போகும்னு அவதான் எங்க வாயக் கட்டுனா. பொறகு அவளே போய்ட்டா. நாங்க கட்டுன வாய அவுக்கல. ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடிச் சொல்றது?"

நிரோஷா சொன்னாள். குளவி கலைந்ததும் எல்லோரும் ஓடினார்கள். கோகிலா மட்டும் மேலே, நிரை முடிவைப் பார்த்து ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்துப் பிள்ளையைத் தலையோடு மூடி, மேலே படுத்துவிட்டாள். அவள் உடம்பில் படங்கு இல்லை. அரை மணி கழித்துப் புகை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். புரட்டினார்கள். அடியில் பிள்ளை கண்ணை மூடியபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கொட்டு இல்ல தம்பி. ஒத்தக் கொட்டு இல்ல. நான்தான் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

கிருஷாந்த் நின்றான். எட்டு மாதமாகக் காலையில் பெரட்டுக்களத்தில் இவர்களுக்குப் பேர் எழுதியிருக்கிறான். பதினான்கு பேரும் ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"அந்தப் படங்கு எங்க?" என்றான்.

"கழுவி வச்சிருக்கேன். கொண்டாரவா?"

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். எதற்குக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஐந்தாவது பதிவை அழிக்கப் பார்த்தான். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. வேண்டாம் என்பதைத் தொட்டான். நான்கு வளைவு தாண்டி மறுபடி எடுத்தான். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில்.

நூரியா டீச்சர் வகுப்புக்கு வெளியே நின்று காதில் வைத்துக் கேட்டார். பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டார். முடிந்த பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாலு இருக்கு டீச்சர். அது போதுமா? இத அழிச்சிடவா?" என்றான்.

"ஒங்களுக்கு இது மவுத்து" என்றார். "அவளுக்கு..." வகுப்புக்குள் டிலக்சி கலர் மூடிகளை அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னைக்கு அவ அசைஞ்சிருந்தா ரெண்டு பேரு. அது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. நல்லா செஞ்சேன்னு சொல்றா. அது பொய் இல்லயே. நீங்களா போட்டுக் காட்ட வேணாம். அவ கேட்டா மறுக்க வேணாம்."

வெள்ளிக்கிழமை இரத்தினபுரி. மாடிக் கட்டடம். நடையில் பெஞ்சு நிறையப் பிள்ளைகளும் தாய்மாரும். ஜூலையில் பார்த்த அதே நீலக் கதவு. அதைக் கண்டதும் டிலக்சியின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. தொண்டையில் அந்தச் சத்தம் கிளம்பியது. அவனுக்குத் தெரியும், இன்னும் ஒரு நிமிடத்தில் அது கத்தலாகும்.

போனை எடுத்தான். "கோழி கேப்போமா?"

"அஞ்சு."

"முத்திரை? முத்திரை நல்லா இருக்குமே."

"அஞ்சு."

மூன்றாவது தடவை அவனால் வேறொன்று சொல்ல முடியவில்லை. போனைக் கொடுத்தான். அவளே எண்ணித் தொட்டாள். காதோடு அழுத்தி வைத்தாள். அவனுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே அவனும் எண்ணினான். எந்த இடத்தில் கோகிலா நிற்கிறாள் என்று தெரிந்தது. அந்த இடம் வந்தபோது அவன் மூச்சும் நின்றது. டிலக்சியின் உதடு நிற்கவில்லை. தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

நூறு முடிந்தது. போனை அவன் மடியில் வைத்தாள்.

உள்ளேயிருந்து அவள் பெயரைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். டிலக்சி எழுந்தாள். அவனும் எழுந்தான்.

"அப்பா வேணாம்" என்றாள்.

கதவு முன்னால் நின்றாள். தள்ளினாள். அசையவில்லை. பக்கத்திலிருந்த ஒரு தாய் உதவிக்குக் கை நீட்டினாள். கிருஷாந்த் வேண்டாமென்று தலையாட்டினான். டிலக்சி கைப்பிடியைப் பார்த்தாள், இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். உட்காரும்படி யாரோ சொன்னார்கள். காதில் விழவில்லை. கத்தல் வரும், வரும் என்று காத்திருந்தான். இருபத்தைந்து நிமிடம் வரவில்லை.

கதவு திறந்தபோது ஒரு அம்மையார் அவள் பின்னால் வந்தார். ஜனவரி முதல் வாரம் கூட்டி வாருங்கள் மாத்தயா என்று சிங்களத்தில் சொல்லி ஒரு தாளை நீட்டினார். கிருஷாந்த் தாளை வாங்கிக்கொண்டு சும்மா பார்த்தான். எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை.

டிலக்சி அவன் சட்டையை இழுத்தாள். "ஆறு" என்றாள்.

"என்னா?"

"ஆறாவது."

போனை எடுத்து அவள் வாய்க்கருகில் பிடித்தான். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"கதவு நான் தொறந்தேன். உள்ளுக்குப் போனேன்" என்றாள். பிறகு போனை அவன் கையோடு பிடித்து அவன் வாய்ப்பக்கம் திருப்பினாள். "அப்பா சொல்லு."

செக்கன்கள் ஓடின. ஏழு. எட்டு. ஒன்பது. நடை முழுக்க ஆட்கள். டிலக்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவ நீதான் தொறந்த" என்றான். குரல் யாருடையதோ போலிருந்தது. "நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

"இன்னும்."

"ரெண்டு கையாலயும் இழுத்த. யாரும் ஒதவி செய்யல. எம்மக தனியா உள்ளுக்குப் போனா."

"இன்னும்" என்றாள் டிலக்சி.

அவன் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. நிறுத்தாமல் சொன்னான். பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.